சிறுவயதில் கேட்ட ஹெட்போன் எந்த மாடல்? கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

"பெரிசா, கறுப்பா இருக்கும். சுருள் ஒயர். காதுல மெத்துன்னு இருக்கும்." பழைய ஹெட்போனைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று குறிப்போடுதான் தொடங்குகிறார்கள். இதற்குப் பொருந்தும் மாடல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. தேடுகிறவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஏதோ ஒன்றில் "இதேதான்!" என்று நிற்பார், வாங்கிவிடுவார். பெட்டியைப் பிரித்ததும்தான் அது இல்லை என்று தெரியும்.

குறிப்பு குறைவாக இருப்பதைவிட, வேலையைத் தலைகீழாகச் செய்வதுதான் இதற்குக் காரணம். முதலில் நினைவு, பிறகு காலம், பிறகு உருவம், அதன் பிறகு பெயர், கடைசியில் படம். இந்த வரிசையில் போங்கள். ஹெட்போன் கையிலேயே இருந்து, மாடல் மட்டும் தெரியவில்லை என்றால் 6-ஆம் படியிலிருந்து தொடங்கலாம்.

முன்னதாக எடுத்துவைக்க வேண்டியவை

ஒரு தாள், பென்சில், வீட்டுப் பழைய போட்டோக்கள். பழைய டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றின் கையேடு அல்லது பெட்டி கிடைத்தால் அதுவும். ஹெட்போன் கையில் இருந்தால் டார்ச், அளவுகோல், உலர்ந்த மென்துணி, மல்டிமீட்டர். விலை குறைந்த மல்டிமீட்டரே போதும்.

1. ஒரு படத்தையும் பார்க்கும் முன் எழுதிவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், கடைசியில் தடுமாறுகிறவர்களும் அவர்களே. இருபது படம் பார்த்துவிட்டால், நினைவில் இருப்பது சிறுவயதில் பார்த்ததா, பத்து நிமிடம் முன்பு பார்த்ததா என்று பிரிக்க முடியாது. பார்த்த படம் நினைவின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனவே முதலில் தாள்.

பெயரையும் நிறத்தையும் கடைசியில் எழுதுங்கள். தொட்டு உணர்ந்தவற்றை முதலில் எழுதுங்கள். கண் மறந்ததைத் தலையும் காதும் ஞாபகம் வைத்திருக்கும்.

காதை முழுக்க மூடியதா, காதின் மேல் உட்கார்ந்ததா? அரை மணி நேரத்தில் காது வியர்த்ததா? தலைப்பட்டையில் முடி சிக்கியதா? கனத்ததா? போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டது கேட்டதா? பக்கத்தில் இருந்தவருக்குப் பாட்டு கசிந்ததா? இந்தக் கடைசி இரண்டும் மிகவும் உதவும். வெளிச்சத்தம் உள்ளே வந்து, உள்சத்தம் வெளியே போனால் அது திறந்த வகை. இரண்டும் அடைபட்டிருந்தால் மூடிய வகை. இந்த ஒரு பதிலே தேட வேண்டியதைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஒயர் ஒரு காதிலிருந்து மட்டும் வந்ததா, இரண்டிலிருந்தும் வந்து நடுவில் சேர்ந்ததா? நேர் ஒயரா, சுருளா? காதுப்பகுதியில் வால்யூம் திருகியோ தள்ளியோ இருந்ததா? பட்டையை இழுத்து நீட்டும்போது கிளிக் கிளிக் என்றதா, சத்தமில்லாமல் வழுக்கியதா?

ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் "உறுதி", "ஓரளவு", "சந்தேகம்" என்று குறியுங்கள். பின்னால் ஏதாவது ஒரு மாடல் பொருந்தாமல் போனால் எந்தக் குறிப்பை விட்டுக்கொடுக்கலாம் என்று இந்தக் குறி சொல்லும். "உறுதி" என்று போட்டதை, கண்ணுக்குப் பிடித்த ஒரு படத்துக்காக அடிக்காதீர்கள்.

பிறகு பக்கவாட்டுத் தோற்றத்தை வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. காதுப்பகுதியைப் பட்டையோடு இணைக்கும் கவை எப்படி வளைந்தது என்பது தெரிந்தால் போதும்.

வீட்டில் வேறு யாருக்காவது அந்த ஹெட்போன் நினைவிருந்தால் அவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். "அது சோனிதானே?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "அது எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.

2. காலத்துக்கு இரண்டு எல்லை போடுங்கள்

நீங்கள் கேட்ட ஆண்டு, ஹெட்போன் வெளிவந்த ஆண்டு அல்ல. 1985-இல் கேட்டது 1972-இல் வாங்கியதாக இருக்கலாம். அதனால் "இதற்கு முன் வந்திருக்காது", "இதற்குப் பின் வந்திருக்காது" என்று இரண்டு கோடு போடுங்கள். நடுவில் பத்து ஆண்டு இருந்தாலும் பரவாயில்லை.

முன் எல்லையைத் தீர்மானிக்கச் சில ஆண்டுகள் உதவும். ஸ்டீரியோ ஹெட்போன் கடைகளுக்கு வந்தது 1958-இல், காஸ் நிறுவனத்தின் எஸ்பி/3 மாடலோடு. ஸ்பாஞ்ச் வைத்த திறந்த வகை 1968-இல், சென்ஹைசர் எச்டி 414-இல் தொடங்குகிறது. மெல்லிய உலோகப் பட்டையும் சின்ன ஸ்பாஞ்சுமாக வந்த இலேசான ஹெட்போன் பரவியது 1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்த பிறகு. பெட்டியில் "டிஜிட்டல்" என்றோ "சிடி" என்றோ பெரிதாக எழுதியிருந்த ஞாபகம் இருந்தால், பெரும்பாலும் 1982-க்குப் பிந்தியது, ஏனென்றால் சிடி சந்தைக்கு வந்ததே அந்த ஆண்டு அக்டோபரில்தான். நியோடிமியம் காந்தம் என்று எழுதியிருந்தால் 1980-களின் நடுப்பகுதிக்கு முன் இருக்க வழியில்லை.

பின் எல்லையை நீங்கள்தான் தர வேண்டும். எந்த வீட்டில், எந்த வகுப்பில், யார் கூட இருந்தபோது? வீடு மாறிய தேதி உங்களுக்கு நிச்சயம் தெரியும். அதுவே போதும்.

3. எந்தக் கருவியில் செருகியிருந்தது?

இதற்குத் தனிப் படி ஒதுக்கக் காரணம் உண்டு. 1980-களில் ஸ்பாஞ்ச் வைத்த சின்ன ஹெட்போன்கள் பெரும்பாலும் கேசட் பிளேயரோடு சேர்ந்தே வந்தன. அவற்றைத் தனிப் பொருளாகத் தேடினால் அகப்படாது. பிளேயரின் மாடலைக் கண்டுபிடியுங்கள். அதன் கையேட்டில் உடன்வரும் பொருட்கள் பட்டியலில் ஹெட்போனின் எண் இருக்கும். முதல் வாக்மேன் டிபிஎஸ்-எல்2. அதோடு வந்த ஹெட்போன் எம்டிஎல்-3எல்2. ஆரம்பத்தில் அமெரிக்காவில் அந்த வாக்மேனை சவுண்டபவுட் என்றும், பிரிட்டனில் ஸ்டோவவே என்றும் விற்றார்கள். இந்தப் பெயர்கள் நினைவில் இருந்தால் அதுவே பெரிய தடயம்.

பிளக்கும் பேசும். தடித்த 6.35 மி.மீ. பிளக் என்றால் ஆம்ப்ளிஃபையர், டெக் போன்ற வீட்டுக் கருவி. மெல்லிய 3.5 மி.மீ. என்றால் கையில் எடுத்துப்போகும் கருவி. பகடையில் ஐந்து புள்ளி இருப்பதுபோல ஐந்து முள் அமைந்த பிளக் என்றால், 1970-களின் ஜெர்மன் கருவிகளின் பக்கம் தேடுங்கள். அது டின் (DIN) என்ற ஜெர்மன் தரப்படி அமைந்தது. சில கருவிகளில் அதைத் திருப்பிச் செருகினால் ஸ்பீக்கர் அணைந்துவிடும். "திருப்பிப் போட்டா ஸ்பீக்கர் நின்னுடும்" என்ற ஞாபகம் இருந்தால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது.

ஒரே ஹெட்போனுக்கு இரண்டு தடித்த பிளக் இருந்ததா? அது 1970-களின் நான்கு சேனல் ஹெட்போன், அதாவது நான்கு தனித் தடங்களில் ஒலி தருவது. காஸ் கே2+2 அந்த வகை. சுவரில் செருகும் தனிப் பெட்டியோடு வந்தது என்றால் எலக்ட்ரோஸ்டாட்டிக், அதாவது நிலைமின்னால் மெல்லிய சவ்வை அசைத்து ஒலி எழுப்பும் வகை, அப்போது முதலில் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் மாடல்களைப் பாருங்கள்.

4. உருவத்தால் குடும்பத்தைப் பிரியுங்கள்

மாடலைத் தேடும் முன் குடும்பத்தை முடிவு செய்யுங்கள். குடும்பம் தவறினால் எத்தனை மணி நேரம் தேடினாலும் வீண்.

கனமான, மூடிய, வழவழ ரெக்சின் மெத்தை வைத்த வகை. மெத்தையை விரலால் அழுத்தினால் உள்ளே திரவம் நகர்வதுபோல் இருந்தால் காஸ் நிறுவனத்தின் பக்கம் போங்கள். திரவம் நிரப்பிய மெத்தை அவர்கள் பொருட்களின் அடையாளம். 1970-இல் வந்த ப்ரோ4ஏஏ இதன் முழு உருவம்: கறுப்பு, சுருள் ஒயர், அரைக் கிலோவை ஒட்டிய எடை. காதில் வைத்ததும் முதலில் ஜில்லென்று இருந்து, பிறகு மெல்ல உடல் சூட்டுக்கு வரும். அந்த ஜில்லிப்பு நினைவிருந்தால் "உறுதி" என்று குறியுங்கள்.

இலேசான, ஸ்பாஞ்ச் வைத்த திறந்த வகை. எச்டி 414 இதன் தாய். மஞ்சள் ஸ்பாஞ்ச் அதன் முத்திரையாகவே ஆகிவிட்டது. ஆனால் ஸ்பாஞ்ச் சில ஆண்டுகளில் பொடியாகிவிடும், எல்லோரும் மாற்றியிருப்பார்கள். அதனால் ஸ்பாஞ்ச் நிறத்தை வைத்து மாடலை முடிவு செய்யாதீர்கள். இரண்டு காதிலும் ஒயரைத் தனியாகக் கழற்ற முடிந்ததா என்பதைப் பாருங்கள். அது நம்பத்தக்க அடையாளம்.

காதைச் சுற்றி அமரும் வட்டமான ஸ்டூடியோ வகை. தலைக்கு மேல் இரண்டு மெல்லிய வளைகம்பிகள், அவற்றின் கீழே தானாக இழுபடும் பட்டை என்றால் ஏகேஜி கே 240, கே 141 குடும்பம். போட்டவுடன் பட்டை தானே தலைக்கு ஏற்ப அமைந்துகொள்ளும், கையால் நீட்ட வேண்டியதில்லை.

மடங்கும் சின்ன வகை. 1984-இல் வந்த காஸ் போர்ட்டா ப்ரோவை அடையாளம் காண்பது எளிது. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டில் சாயும் தனிப் பஞ்சு ஒன்று இருக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று மாற்ற ஒரு சின்னத் தள்ளுபொத்தானும் உண்டு. உலோகப் பட்டை முடியைப் பிடித்து இழுக்கும்.

வினோத உருவங்களைக் கண்டுபிடிப்பது சுலபம், அதனால் சுருக்கமாகவே சொல்லலாம். தலையில் சட்டகம்போல உட்கார்ந்து காதைத் தொடாமல் நிற்பது ஜெக்லின் ஃப்ளோட். காதுக்குப் பக்கத்தில் இரண்டு கதவுபோலத் திறந்து நிற்பது ஏகேஜி கே 1000. மெல்லிய வட்டத் தட்டு போன்ற காதுப்பகுதி, நேர்த்தியான தோல்பட்டை என்றால் 1976-இல் வந்த யமஹா எச்பி-1 வரிசை. அதன் உருவத்தை வடிவமைத்தவர் மாரியோ பெல்லினி.

5. பெயரைத் தேடுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

ஹெட்போனின் மேல் இருந்த பெயர் அதைச் செய்தவரின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. கடைகளும் கருவி நிறுவனங்களும் வேறு தொழிற்சாலையில் செய்து வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்தன. ரேடியோ ஷாக் கடைகள் ரியலிஸ்டிக் என்ற பெயரில் விற்றவை இதற்கு நல்ல உதாரணம். ஒரே அச்சில் வார்த்த காதுப்பகுதி நான்கு பெயரில் கிடைக்கும். நான்கும் உங்களுக்குக் கண்ணில் படும், நினைவில் இருப்பது ஒன்றுதான்.

இன்னொரு தவறு, கருவியின் பெயரை ஹெட்போனுக்கு ஏற்றிவிடுவது. வீட்டில் பயனியர் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் ஹெட்போனும் பயனியர் என்றே மனம் சொல்லும்.

முழுப் பெயர் நினைவில்லாவிட்டாலும் முன்னெழுத்து உதவும். எச்டி என்றால் சென்ஹைசர். டிடி என்றால் பேயர்டைனமிக். கே என்று மட்டும் தொடங்கி எண் வந்தால் பெரும்பாலும் ஏகேஜி, காஸ் நிறுவனமும் கே/6 போன்ற பெயர்களை வைத்தது. எஸ்இ என்றால் பயனியர். எம்டிஆர் என்றால் சோனி. ஏடிஎச் என்றால் ஆடியோ-டெக்னிக்கா. எஸ்ஆர் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள், ஸ்டாக்ஸும் கிராடோவும் இரண்டுமே அதைப் பயன்படுத்தின. கிராடோவின் எஸ்ஆர் வரிசை 1990-களில் வந்தது என்பதால் உங்கள் கால எல்லையே இரண்டையும் பிரித்துவிடும்.

இப்போதுதான் படத்துக்குப் போக வேண்டும். அதிலும் பொதுப் படத்தேடலைவிடப் பழைய விற்பனைப் பட்டியல்கள் மேல். இன்டர்நெட் ஆர்க்கைவிலும் வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி தளத்திலும் பழைய கடைப் பட்டியல்களும் ஆடியோ இதழ்களும் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஹைஃபை என்ஜின் தளத்தில் கையேடுகள் கிடைக்கும். பட்டியலில் ஆண்டு கூடவே இருப்பதால், உங்கள் இரண்டு எல்லைக்குள் மட்டும் பக்கம் புரட்டலாம். ஜப்பானிய, ஜெர்மன் மாடல்களை அந்தந்த மொழியில் தட்டச்சு செய்து தேடினால், ஆங்கிலத் தேடலில் வராத ஏலப் படங்கள் வந்து விழும்.

படத்தை ஒப்பிடும்போது நான்கு இடத்தை மட்டும் பாருங்கள்: கவையின் வளைவு, பட்டை நீளும் முறை, ஒயர் நுழையும் இடம், காதுப்பகுதியின் வெளிமுகத்தில் உள்ள துளை அல்லது வட்டங்களின் அமைப்பு. மூன்று பொருந்தி நான்காவது பொருந்தாவிட்டால் அது உங்கள் மாடல் அல்ல. ஒரே அச்சில் வந்த உடன்பிறப்பாக இருக்கும். நான்காவதும் பொருந்தும்வரை அந்தக் குடும்பத்துக்குள்ளேயே தேடுங்கள்.

6. கையில் இருக்கும் ஹெட்போனைப் படிப்பது

துடைக்கும் முன் போட்டோ எடுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அழுக்கோடு அச்சிட்ட எழுத்தும் போய்விடும். பலர் மாடல் எண்ணைத் தங்கள் கையாலேயே அழித்திருக்கிறார்கள். உலர்ந்த துணி மட்டும் போதும்.

டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத புடைப்பெழுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பி வரும். தலைப்பட்டையின் உட்புறம், பட்டையை முழுக்க இழுத்தால் மட்டும் வெளியே தெரியும் தகடு, கவையின் உள்பக்கம், மெத்தையின் அடி. எழுத்து ஒளிந்திருப்பது இங்கெல்லாம்தான். பிளக்கில் இருக்கும் பெயரை ஹெட்போனின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளக் பெரும்பாலும் வேறு நிறுவனத்தினுடையது, பாதி நேரம் பின்னால் மாற்றியதாகவும் இருக்கும்.

நாட்டின் பெயர் காலம் சொல்லும். "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் 1990-இல் நாடு ஒன்றுசேர்வதற்கு முன் வார்த்த பாகம். கையேட்டில் ஜெர்மன் முகவரி இருந்தால் அஞ்சல் எண்ணை எண்ணுங்கள். மேற்கு ஜெர்மனியின் நான்கு இலக்க எண், 1993 ஜூலையில் ஐந்து இலக்கமாக மாறியது. ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ (CE) முத்திரை இருந்தால் 1990-களுக்கு முந்தியதல்ல. குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் இருந்தால் 2005-ஐ ஒட்டி அல்லது அதற்குப் பிறகு. அதைப் பழைய பொருள் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அமெரிக்கக் காப்புரிமை எண் பொறித்திருந்தால் இன்னும் துல்லியமாகப் போகலாம். 30 லட்சமாவது எண் 1961-இல் வந்தது. 40 லட்சம் 1976-இல், 50 லட்சம் 1991-இல், 60 லட்சம் 1999-இல். எண் எந்த இடைவெளியில் விழுகிறதோ, அதற்கு முன் அந்தப் பாகம் வார்க்கப்பட்டிருக்காது. வடிவமைப்புக் காப்புரிமைக்குத் தனி எண்வரிசை உண்டு என்பதை மறக்காதீர்கள். அதை இந்தக் கணக்கில் போட்டால் பல பத்தாண்டு தவறிவிடும். எண்ணைக் காப்புரிமைத் தேடலில் போட்டால் வரைபடமே வரும், பல நேரம் உங்கள் ஹெட்போனின் குறுக்குவெட்டே அதில் இருக்கும்.

7. மல்டிமீட்டரால் மின்தடை பார்ப்பது

உருவத்தில் இரட்டையராக இருக்கும் மாடல்களைப் பிரிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஹெட்போனைத் தலையிலிருந்து கழற்றிவிடுங்கள். மீட்டர் முனை படும்போது உள்ளே "டக்" என்று சத்தம் வரும்.

காதுப்பகுதியில் வால்யூம் இருந்தால் முழுக்கக் கூட்டிவையுங்கள். குறைத்து வைத்திருந்தால் அளவு பொய்யாக வரும். மீட்டரை 2000 ஓம் வரம்பில் வையுங்கள். பிளக்கின் நுனிக்கும் அடிக்கும் இடையே இடது காது, நடு வளையத்துக்கும் அடிக்கும் இடையே வலது காது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வர வேண்டும். எண்ணே வராவிட்டால் ஒன்று வரம்பு போதவில்லை, அடுத்த வரம்புக்கு மாற்றுங்கள். அப்போதும் வராவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது. பிளக்கின் கழுத்திலும் காதுப்பகுதியில் நுழையும் இடத்திலும்தான் அது வழக்கமாக அறும்.

மீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத் தடை. கையேட்டில் போட்டிருக்கும் எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு. 8 ஓம் மாடல் 6, 7 என்று காட்டினால் பதற வேண்டாம். 60-ஐ ஒட்டியது போர்ட்டா ப்ரோ, சோனி எம்டிஆர்-வி6 போன்றவை. 250-ஐ ஒட்டியது காஸ் ப்ரோ4ஏஏ. 600-ஐ ஒட்டியது ஏகேஜி கே 240-இன் பழைய தலைமுறைகள். 2000-ஐ நெருங்கினால் பழைய எச்டி 414.

மின்மாற்றிப் பெட்டியோடு வரும் எலக்ட்ரோஸ்டாட்டிக், எலக்ட்ரெட் ஹெட்போன்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றின் பிளக்கில் முட்களை எண்ணுங்கள். ஸ்டாக்ஸில் ஆறு முள் என்றால் 230 வோல்ட் வகை, ஐந்து முள் என்றால் 580 வோல்ட் ப்ரோ வகை. மின்சாரத்தில் இணைத்திருக்கும்போது இவற்றைத் திறக்கவே கூடாது.

8. பெயர் கிடைத்த பிறகு தலைமுறை

பெயர் கிடைத்ததும் தேடல் முடிந்தது என்று நினைப்பதுதான் கடைசித் தவறு. காஸ் ப்ரோ4ஏஏவும் போர்ட்டா ப்ரோவும் பல பத்தாண்டுகள் அதே பெயரில் விற்றவை. பெயர் சரியாக இருந்தும் ஒலி வேறாக இருக்கலாம்.

கே 240-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் வந்த முதல் வடிவத்துக்கு செக்ஸ்டெட் என்று பெயர். மெத்தையைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் ஒலி எழுப்பும் பாகமான டிரைவரைச் சுற்றி ஆறு சின்னச் சவ்வுகள் இருக்கும். பின்னால் வந்த மானிட்டர் வடிவத்திலும் 600 ஓம்தான், ஆனால் அந்த ஆறு சவ்வு இல்லை. அதன் பிறகு வந்த ஸ்டூடியோ வடிவம் 55 ஓம், ஒயரைக் கழற்றலாம். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். 1980-க்கு முன் கேட்டவர் தேட வேண்டியது செக்ஸ்டெட்டைத்தான்.

எச்டி 414-உம் அப்படியே. 1990-களில் பழைய முகத்தோடு மறுபடி வெளியிட்டார்கள், அதன் தடை 52 ஓம். மீட்டர் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். சோனியில் எம்டிஆர்-வி6 1985-ஐச் சேர்ந்தது, எம்டிஆர்-7506 1991-இல் வந்தது. வி6-இல் சிவப்புப் பட்டி, 7506-இல் நீலப் பட்டி. "ஸ்கூல் முடிச்ச வருஷம், நீலப் பட்டி" என்று நினைவிருந்து, அந்த வருடம் 1988 என்றால் இரண்டில் ஒன்று தவறு. தாளில் எதன் பக்கத்தில் "உறுதி" போட்டீர்கள் என்று பாருங்கள்.

9. வாங்கும் முன்பும், முதல் தடவை கேட்கும்போதும்

விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று போட்டோ: மெத்தை கழற்றிய உள்முகம், பட்டையின் உள்பக்க எழுத்து, மல்டிமீட்டர் காட்டும் எண். கடைசி ஒன்றுக்கு அவர் தயங்கினால், இரண்டு காதும் வேலை செய்கின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வந்த பொருளைப் போட்டதும் "இந்தச் சத்தம் இல்லையே" என்று தோன்றினால் உடனே மாடல் தவறு என்று முடிவு கட்டாதீர்கள். மெத்தை இறுகி விரிசல் விட்டிருந்தால் மூடிய வகையில் பேஸ் ஒழுகிப் போய்விடும். ஸ்பாஞ்ச் தடிப்பு மாறினால் டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி, மேல்ஸ்தாயி குத்தும். அதே தடிப்பில் புது மெத்தை போட்டபின் மறுபடி கேளுங்கள். உதிர்ந்த பழைய ஸ்பாஞ்சைத் தூரிகையால் தட்டி எடுக்கும்போது காதுப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கறுப்புப் பிசின்பொடி டிரைவருக்குள் விழுந்து கரகரக்கும்.

600, 2000 ஓம் மாடல்களைக் கைபேசியில் செருகினால் சத்தம் சன்னமாகத்தான் வரும். அது பழுது இல்லை. அவை வீட்டு ஆம்ப்ளிஃபையரின் ஹெட்போன் துளைக்காகச் செய்தவை. அங்கே செருகி, வால்யூமைச் சுழியத்திலிருந்து மெல்லக் கூட்டி, அந்தக் காலத்தில் நீங்கள் அதிலேயே கேட்ட பாட்டைப் போட்டுப் பாருங்கள்.